பெயரில்லாத பித்தளை வில்லை

ஜப்பான்காரன் காலம் என்றதும் நம் வீடுகளில் பேச்சு எங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். மரவள்ளிக்கிழங்கு, வாழைமர நோட்டு, சயாம் மரண ரயில். எங்கள் பாட்டி தம் தாயாரிடம் கேட்டுச் சொல்லும் கதைகளில் இடம் துல்லியமாக இருக்கும். எந்தத் தோட்டம், எந்த லயம், தீபாவளிக்கு முன்பா பின்பா என்பதுகூட இருக்கும். வந்தவர்கள் யார் என்று கேட்டால் மட்டும், “ஜப்பான்காரந்தான், வேற யாரு?” என்பார். 1941 டிசம்பர் தொடங்கி 1945 செப்டம்பர் வரை இந்த மண்ணில் நடமாடிய படைப்பிரிவுகள் அத்தனையும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

இதற்கு நேர்மாறான ஒரு பொருளைப் பற்றியதே இக்கட்டுரை. அதில் படைப்பிரிவு இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. போர்க்காலத்தில் ஜப்பானியத் தரைப்படைச் சிப்பாய் அணிந்திருந்த அடையாள வில்லைதான் அது. ஜப்பானிய மொழியில் ‘நின்ஷிகிஹ்யோ’ என்பார்கள்.

பார்வைக்கு எளிய பொருள். பெரும்பாலும் பித்தளை. நீள்வட்ட வடிவம். ஏறத்தாழ 5 செ.மீ. நீளம், 3 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான அகலம். இரு முனைகளிலும் நீள்சதுரமாக ஒவ்வொரு துளை. துளையில் நாடாவைக் கோத்து, உடுப்புக்கு உள்ளே, பூணூல் போலத் தோளிலிருந்து குறுக்காக அணிவார்கள். எழுத்துகள் வார்க்கப்பட்டவை அல்ல; உளி அச்சால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பதித்தவை. ஆகவே ஓர் எழுத்து ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் இருக்கும்.

அதே காலத்தில் ஆங்கிலேயப் படையினர் இரண்டு வில்லைகள் அணிந்தனர். வீரர் இறந்தால் சிவப்பு வட்ட வில்லையைக் கழற்றி அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். பச்சை எண்கோண வில்லை உடலோடு தங்கும். ஜப்பானியச் சிப்பாய்க்கு இருந்தது ஒன்றே. கழற்றினால் உடல் அநாமதேயம். விட்டுவைத்தால் படைக்குச் செய்தி போகாது. அதிகாரிகளின் வில்லையில் பதவியும் பெயரும் பொறிக்கப்பட்டன. சாதாரணச் சிப்பாய்க்கு அதுவும் இல்லை. ஒரு சின்னப் பித்தளைத் துண்டை இரட்டிப்பாக்க முடியாத அளவுக்கு என்ன சிக்கனமோ!

இனி அதை வாசிக்கும் முறைக்கு வருவோம். நான் தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பு வழியாகத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். சீன எழுத்துகள் நண்பர்கள் வீட்டு மாஜோங் கட்டைகளில் பார்த்த அளவுக்கே பழக்கம். பல்கலைக்கழகத்தில் விருப்பப் பாடமாக ஜப்பானிய மொழியை எடுத்த பிறகுதான் ஒன்று புரிந்தது: இந்த வில்லையை வாசிக்க ஆயிரக்கணக்கான எழுத்துகள் தேவையில்லை. இருபது தெரிந்தால் போதும். அவற்றில் பாதி எண்கள்.

எழுத்து மேலிருந்து கீழாகச் செல்லும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் இருந்தால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். வழக்கமாக மூன்று செய்திகள் வரும். முதலாவது, படையின் வகையும் ரெஜிமெண்டின் எண்ணும். இரண்டாவது கம்பெனி எண். மூன்றாவது ஆளின் எண். காலாட்படைக்கு வருவது ‘நட’ என்ற பொருளுடைய எழுத்து. பொறியியல் படைக்கு ‘வேலை’ என்ற எழுத்து: மேலே ஓர் உத்தரம், கீழே ஒரு கட்டை, நடுவில் ஒரு தூண், அவ்வளவே. ரயில்வே படைக்கு ‘இரும்பு’. பீரங்கிப் படைக்குரிய எழுத்தின் இடப்பக்கத்தில் ‘கல்’ என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். கவண்கல் எறிந்த காலத்தின் மிச்சம். கம்பெனியைக் குறிப்பது ‘நடு’ என்ற எழுத்து: ஒரு பெட்டி, அதன் நடுவே மேலும் கீழும் துளைத்துக்கொண்டு ஒரு செங்குத்துக் கோடு. ஆளின் எண்ணுக்கு முன் வரும் எழுத்தின் கீழ்ப்பாதி, வரப்பு போட்டு நான்காகப் பிரித்த வயல் போலவே இருக்கும்.

எண்களில் ஒன்று என்பது ஒரு கிடைக்கோடு. இரண்டு, இரு கோடு. மூன்று, மூன்று கோடு. பத்து என்பது கூட்டல் குறி. நூற்றுப் பதினான்கை நம் முன்னோர் ௱௰௪ என்று எழுதினார்கள் அல்லவா? சீன, ஜப்பானிய மரபிலும் அப்படி எழுதுவதுண்டு. ஆனால் வில்லையில் இடம் குறைவு என்பதால் பெரும்பாலும் ஒன்று, ஒன்று, நான்கு என இலக்கங்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. மேலும் கீழுமாக இரண்டு கிடைக்கோடுகள் இருந்தால் அது இரண்டா, பதினொன்றா? இரண்டு என்ற எழுத்தில் மேற்கோடு குட்டை, கீழ்க்கோடு நீளம். பதினொன்று என்றால் இரண்டும் சம நீளம், இடைவெளியும் கூடுதல். அரை மில்லிமீட்டர் வேறுபாடுதான். ஆனால் 11ஆம் காலாட்படை ரெஜிமெண்ட் ஹிரோஷிமாவைச் சேர்ந்தது. 5ஆம் டிவிஷனின் உறுப்பாக மலாயாவுக்குள் இறங்கியது. 2ஆம் காலாட்படை ரெஜிமெண்டோ மித்தோ நகரைச் சேர்ந்தது. 1944இல் பசிபிக் பெருங்கடலில் உள்ள பெலிலியு தீவில் ஏறத்தாழ முற்றாக அழிந்தது. கோட்டின் நீளத்தைத் தவறாகப் பார்த்தால் ஒருவரைப் பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி வேறொரு மரணத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவோம்.

விளக்கத்துக்காக ஒரு வில்லையைக் கற்பனை செய்துகொள்வோம். கோத்தா பாரு கடற்கரையில் கிடைத்தது. அதில் ‘நட, ஐந்து ஆறு; நடு, மூன்று; எண், நான்கு எட்டு’ என்று இருக்கிறது. 56ஆம் காலாட்படை ரெஜிமெண்ட், 3ஆம் கம்பெனி, 48ஆம் ஆள். அந்த ரெஜிமெண்ட் கியூஷு தீவின் குருமே நகரில் திரட்டப்பட்டது. 18ஆம் டிவிஷனைச் சேர்ந்தது. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கிய படையும் அதுவே. இடமும் எழுத்தும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. இதே வில்லையில் ‘நட’ என்பதற்குப் பதிலாக ‘வேலை’ என்ற எழுத்து இருந்தால் கதை மாறும். 56ஆம் பொறியியல் ரெஜிமெண்ட் 18ஆம் டிவிஷனில் இல்லை. பர்மாவில் போரிட்ட 56ஆம் டிவிஷனைச் சேர்ந்தது. (டிவிஷன் என்றதும் நம்மவர்க்குத் தோட்டத்து டிவிஷன் நினைவுக்கு வரும். இது பதினையாயிரம் இருபதாயிரம் பேர் கொண்ட படை.) எண்ணை மட்டும் படித்துவிட்டு முதல் எழுத்தை விட்டுவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுவார்கள்.

சரி, 48ஆம் ஆள் யார்? அதை வில்லை சொல்லாது. ஒவ்வொரு கம்பெனியிலும் 48 என்று ஓர் ஆள் இருக்கலாம். எண்ணுக்குரிய பெயர் படைப்பிரிவின் பட்டியலில்தான் இருக்கும். தோட்டத்தில் பெரட்டுக்கு நின்றவரின் நாள்சம்பளம் கிராணியின் செக்ரோலில் இருந்தது போல. செக்ரோல் இல்லாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது ஆவணங்களை எரிக்கும்படி கட்டளைகள் பறந்தன. தோக்கியோவிலும் பிற நாடுகளில் இருந்த முகாம்களிலும் நெருப்பு நாட்கணக்கில் எரிந்தது. முழுப் பிரிவும் மாண்ட தீவுகளில் எரிக்கக்கூட ஆளில்லை; பட்டியல் காட்டிலேயே மக்கிப்போனது.

எழுத்தை வாசித்துவிட்டாலும் விளங்காத வில்லைகளும் உண்டு. போர் நீண்டபோது ஜப்பானியத் தரைப்படை தன் பிரிவுகளின் உண்மைப் பெயர்களை மறைக்கப் புனைபெயர்களை வழங்கியது. ‘ட்சூஷோகோ’ என்று பெயர். முதலில் ஓர் எழுத்து. அது மேலமைப்பைக் குறிக்கும். அடுத்து ஓர் எண். அது தனிப் பிரிவைக் குறிக்கும். 18ஆம் டிவிஷனுக்கு ‘கிகு’, அதாவது சாமந்தி. 5ஆம் டிவிஷனுக்கு ‘கோய்’, கெண்டை மீன். ஹிரோஷிமாக் கோட்டைக்கே கெண்டைக் கோட்டை என்றொரு பெயர் உண்டு. 1944இல் இம்பாலை நோக்கிச் சென்ற மூன்று டிவிஷன்களுக்கும் வில், விழா, உக்கிரம் என்று பொருள்படும் எழுத்துகள். மீனையும் வில்லையும் பார்த்ததும் பாண்டியனும் சேரனும் என் நினைவுக்கு வந்ததைத் தவிர்க்க முடியவில்லை. மலாயாவைப் பிடித்த 25ஆம் படைக்கு ‘தோமி’ என்று பெயர். செல்வம் என்று பொருள்! மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர்பிழைத்தவர்களிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வார்களோ.

இத்தகைய புனைபெயர் பொறித்த வில்லையைப் படிக்க அட்டவணை வேண்டும். போருக்குப் பின் ஜப்பானிய அரசு தொகுத்த அத்தகைய அட்டவணைகள் எஞ்சியுள்ளன. 2001இல் தொடங்கப்பட்ட ஆசிய வரலாற்று ஆவண மையத்தின் இணையத்தளத்தில் படை ஆவணங்களின் படிமங்களை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நம்மைப் போன்ற மாணவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. தோக்கியோவுக்கு விமானச் சீட்டு எடுக்க வேண்டியதில்லை.

புனைபெயர் எதை மறைக்கும் என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ‘ஓக்கா 9420’. ஓக்கா என்பது 1944இல் சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்டு அமைந்த 7ஆம் வட்டாரப் படையின் எழுத்து. ‘குன்று’ என்று பொருள். 9420 என்ற எண்ணுக்குரியது தென்திசைப் படையின் நோய்த்தடுப்பு, குடிநீர் வழங்கல் பிரிவு. பெயர் சாதுவாக இருக்கிறது. ஆனால் மஞ்சூரியாவில் உயிருள்ள மனிதர்மீது நோய்க்கிருமிச் சோதனை நடத்திய 731ஆம் பிரிவும் இதே வகைப் பெயரைத் தாங்கியதுதான். 731 என்பதும் ஒரு புனைபெயர் எண்ணே. 9420 பிரிவு இயங்கியது சிங்கப்பூரின் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில். அந்தக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. கோலாலம்பூரில் படிப்பவர்க்கும் சிங்கப்பூரில் படிப்பவர்க்கும் மூத்த கட்டடம் அது.

போரின்போதே இந்த வில்லைகளை அக்கறையோடு வாசித்தவர்கள் எதிரணியினர். 1942 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நேச நாடுகளின் மொழிபெயர்ப்புப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அதில் பணியாற்றியவர்களில் பலர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க இளைஞர்கள். அவர்களுள் பலரின் குடும்பங்கள் அதே வேளையில் அமெரிக்காவின் முள்வேலி முகாம்களில் அடைபட்டிருந்தன. போர்க்களத்தில் கிடைத்த நாட்குறிப்பு, கடிதம், வில்லை எல்லாம் அவர்கள் மேசைக்கு வரும். ஒரு பள்ளத்தாக்கில் ஒரே ரெஜிமெண்டின் வில்லைகள் கிடைத்தால் எதிரே நிற்பது எந்த டிவிஷன் என்று கணிக்கலாம். புதிய எண் ஒன்று தலைகாட்டினால் துணைப்படை வந்துவிட்டது என்று பொருள். 1943 மார்ச்சில் பிஸ்மார்க் கடல் போருக்குப் பின், குட்இனாஃப் தீவில் ஒதுங்கிய ஜப்பானியரிடமிருந்து அதிகாரிகளின் முழுப் பட்டியல் ஒன்று ஆஸ்திரேலியர் கையில் சிக்கியது. ஏறத்தாழ 40,000 பெயர்கள், அவரவர் பிரிவுகளோடு. அன்று முதல் ஓர் அதிகாரியின் பெயர் மட்டும் கிடைத்தாலும் அவர் எந்தப் பிரிவு என்று கண்டுபிடிக்க வழி பிறந்தது.

போர் முடிந்த பிறகு இதே வில்லை வேறொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஜப்பானுக்கு வெளியேயும் ஓக்கினாவா, இவோ ஜீமா தீவுகளிலும் மாண்ட ஜப்பானியர் ஏறத்தாழ 24 லட்சம் பேர். அவர்களில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்பு இன்னும் வீடு திரும்பவில்லை. போரின் பிற்பகுதியில் பல குடும்பங்களுக்கு வந்த வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியில் இருந்தது ஒரு கல், அல்லது மணல், அல்லது பெயர் எழுதிய தாள். 2016இல் எச்சங்களைத் தேடிக் கொணர்வது அரசின் கடமை என்று ஜப்பான் சட்டமே இயற்றியது. தோண்டும்போது எலும்போடு வில்லை கிடைத்தால் அங்கிருந்து தேடல் தொடங்கும்.

இங்கே ஜப்பானியப் படையின் ஒரு பழக்கம் கைகொடுக்கிறது. காலாட்படை ரெஜிமெண்டுகள் வட்டாரவாரியாகத் திரட்டப்பட்டவை. 42 என்றால் யாமகுச்சி, 41 என்றால் ஃபுக்குயாமா, 21 என்றால் ஹமாதா. தரைப்படையினரின் சேவைப் பதிவுகளும் அவரவர் பூர்வீகப் பதிவூர் இருக்கும் மாநில அரசிடமே உள்ளன. ஆகவே பட்டியல் எரிந்துபோயிருந்தாலும், வில்லை தேடலை ஒரு நாட்டிலிருந்து ஒரு மாநிலத்துக்குச் சுருக்கிவிடுகிறது. பிறகு உள்ளூர்ப் பதிவுகள், ரெஜிமெண்ட் நினைவு மலர்கள். 2003 முதல் மரபணுச் சோதனையும் சேர்ந்துகொண்டது. ஆனால் 11ஆம் ரெஜிமெண்டின் கதையில் ஒரு கொடுமை இருக்கிறது. அதன் ஊர் ஹிரோஷிமா. 1945 ஆகஸ்டு 6 காலையில் கோட்டையும் நகரமும் ஒருசேர அழிந்தன. பிள்ளை தூரதேசத்தில் பிழைத்து, பெற்றோர் வீட்டில் மாண்ட குடும்பங்கள் அங்கே உண்டு.

அந்த இரக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடும்பத்தார் வில்லையிடம் ‘இவர் யார்?’ என்று கேட்கிறார்கள். இந்த மண்ணில் பிறந்த நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது எந்தப் பிரிவு?’ என்பது. நெகிரி செம்பிலானில் 1942 மார்ச்சில் சீனர் கிராமங்களில் நடந்த படுகொலைகளை உயிர்தப்பியவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். குவாலா பிலாவுக்கு அருகிலுள்ள பாரிட் திங்கியில் மார்ச் 16 அன்று ஊரே அழிக்கப்பட்டது. ஊரும் நாளும் அவர்களுக்குத் தெரியும், செய்தது ‘ஜப்பான்காரன்’. 1987இல் ஹயாஷி ஹிரோஃபூமி என்ற ஜப்பானிய வரலாற்றாசிரியர் ஜப்பானின் தற்காப்பு ஆய்வுக் கழக நூலகத்தில் ஒரு போர்க்கள நாட்குறிப்பைக் கண்டெடுத்தார். 5ஆம் டிவிஷன், 11ஆம் காலாட்படை ரெஜிமெண்ட், 7ஆம் கம்பெனி. அந்த மார்ச்சு மாதத்துக் கொலைகளைக் கம்பெனியே நாள்வாரியாக எழுதிவைத்திருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 8 அன்று செய்தி ஜப்பான் முழுவதும் வெளியானது. நம் ஊர்க்காரர் வாய்மொழியும் அவர்கள் நாட்டு ஏடும் பொருந்தியதற்குக் காரணம் பிரிவு எண் என்ற ஒரு கண்ணி.

‘நட, ஒன்று ஒன்று, நடு, ஏழு’ என்று ஒரு வில்லை கிடைத்தால் அதை அணிந்தவர் கொலைகாரர் என்று ஆகிவிடாது. அவர் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தவராக இருக்கலாம். வில்லை காட்டுவது எந்த ஏட்டைப் புரட்ட வேண்டும் என்பதை மட்டுமே.

தமிழர்க்கு இதில் நேரடித் தேவை உண்டு. 415 கி.மீ. நீளச் சயாம்–பர்மா ரயில்பாதையை 1943 அக்டோபரில் முடித்தவை இரண்டு ரெஜிமெண்டுகள். பர்மா முனையிலிருந்து 5ஆம் ரயில்வே ரெஜிமெண்ட். தாய்லாந்து முனையிலிருந்து 9ஆம் ரயில்வே ரெஜிமெண்ட். ‘இரும்பு, ஒன்பது’ என்று தொடங்கும் வில்லையை அணிந்தவர்களின் கண்காணிப்பில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர் மண் வெட்டினார்கள். காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் உறங்குகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த தலைமாட்டுக் கல் உண்டு. எங்கள் பாட்டியின் தாய்மாமன் ஒருவரும் அந்தப் பாதைக்குப் போனார்; திரும்பவில்லை. அவர் கழுத்தில் எந்த வில்லையும் இல்லை. அவர் எந்தப் பக்கம் வேலை செய்தார், காஞ்சனபுரி வழியாகவா, பர்மாப் பக்கமா என்று பாட்டியிடம் கேட்டேன். “ஆத்துப் பாலம் கட்டுன பக்கம்” என்றார். அது போதும், 9ஆம் ரெஜிமெண்டின் ஏடுகளிலிருந்து தொடங்க. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படிக் கேளுங்கள்: எந்தப் பக்கம், எந்த மாதம், பக்கத்தில் என்ன ஆறு, முகாமுக்கு என்ன பெயர். ‘ஜப்பான்காரன்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

கடைசியாகச் சில நடைமுறைச் செய்திகள். நகரில் ஒரு பழம்பொருள் கடையில் பளபளவென்று மின்னிய வில்லை ஒன்றைப் பார்த்தேன். புளிபோட்டுத் தேய்த்ததில் ஆளின் எண் பாதி மறைந்துவிட்டது. “எங்க கெடச்சது அங்கிள்?” என்றேன். “தெரியாது தம்பி, எல்லாம் கலந்து வர்ற சாமான்” என்றார். எழுத்தும் போயிற்று, இடமும் போயிற்று. போலி வில்லைகளும் விற்பனைக்கு வருவதால், கிடைத்த இடம் தெரியாத ஒன்றை நம்புவதும் கடினம்.

ஆகவே, தோட்டத்திலோ ஆற்றங்கரையிலோ இப்படியொன்று உங்கள் கண்ணில் பட்டால் தேய்க்க வேண்டாம். களிம்பு இருந்துவிட்டுப் போகட்டும். இருட்டறையில் வைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, முன்னும் பின்னும் படம் எடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் ஆழமில்லாத எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தும் பிரதி எடுக்கலாம். கிடைத்த இடத்தையும் நாளையும் உடன் கிடைத்த பொருள்களையும் அன்றே எழுதிவையுங்கள். அருகில் எலும்பு தென்பட்டால் தோண்டாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள். மலேசியாவில் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, இத்தகைய மரபுப்பொருள் என்று கருதத்தக்க எதைக் கண்டெடுத்தாலும் மரபுடைமைத் துறைக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும்போது நீங்கள் எடுத்த படத்தின் ஒரு பிரதியை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.